நடந்தால் கால் மரத்துப்போகிறது: பயிற்சியா, முதுகில் ஊசியா, ஆபரேஷனா?

வீட்டில் அறுபது தாண்டியவர் யாராவது இருந்தால் இது உங்களுக்குப் பழகிய கதையாக இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் போதும், பின்தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இழுக்கிறது, மதமதக்கிறது, கால் இரும்பாய்க் கனக்கிறது. எங்கேயாவது உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் "எல்4-எல்5, சிவியர் கனால் ஸ்டெனோசிஸ்" என்று வருகிறது. அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே, முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் பாதை (கால்வாய்) குறுகிவிட்டது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் முதுகில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் பிசியோதெரபியே போதும் என்கிறார், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எங்கள் வீட்டிலும் பெரியப்பாவுக்கு இதே நிலைதான். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவருக்காக இதில் வந்திருக்கும் ஆய்வுகளைத் தேடிப் படித்ததில், எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று ஓரளவு தெளிவாகவே பிரித்துச் சொல்ல முடிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பகுதிக் குறுகலில் பெரும்பாலானவர்களுக்கு யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் "சிவியர்" என்று இருக்கிறதே என்று பயந்து கையெழுத்துப் போட வேண்டாம். அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, காலில் பலம் குறைகிறதா என்ற இரண்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் உணர்வில்லாமல் மரத்துப்போவது, கால் பலம் திடீரென்று விழுவது, இவற்றில் எது வந்தாலும் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம். இரண்டாவது விதிவிலக்கு கழுத்துக் குறுகல். அதைக் கீழே சொல்கிறேன்.

குறுகல் ஏன் வருகிறது

வயதாக ஆக முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கில் நீர்ச்சத்து குறைந்து அதன் உயரம் இறங்குகிறது. உயரம் இறங்கியதும் பாரம் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளின் மேல் விழ, அவை தேய்ந்து, எலும்பு வளர்ந்து தடிக்கின்றன. கால்வாயின் பின்சுவரை ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறத் தசைநாரும் தடித்து உள்பக்கம் மடிகிறது. முன்னாலிருந்து டிஸ்க், பக்கவாட்டிலிருந்து மூட்டு, பின்னாலிருந்து தசைநார் என்று மூன்று பக்கமும் நெருக்குவதால்தான் பாதை குறுகுகிறது. சாதாரணமாக 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் கால்வாயின் முன்பின் அகலம் 10 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் அதைத் தீவிரக் குறுகல் என்பார்கள். சிலருக்கு ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் கொஞ்சம் முன்னால் நழுவியும் இருக்கும். இந்த நழுவல் பெண்களுக்கு அதிகம், அதுவும் எல்4-எல்5 இடத்தில். பிறவியிலேயே கால்வாய் சிறியதாக அமைந்தவர்களுக்கு நாற்பதுகளிலேயே தொந்தரவு தொடங்கிவிடும்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை, இடுப்பின் மேல்பகுதியிலேயே, எல்1 எல்2 அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்பு இழைகள், நெருக்கத்தை அவை ஓரளவு தாங்கும். அதனால் "ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒருநாள் கால் விழுந்துவிடும்" என்பது இடுப்புக் குறுகல் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. லேசான, நடுத்தரக் குறுகல் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை அறுவை இல்லாமலேயே நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்றுதான் முதுகெலும்பு மருத்துவர்களின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

கழுத்து அப்படியில்லை. அங்கே நெருக்கப்படுவது தண்டுவடமே. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கையெழுத்து மாறுகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றால் கீழே சொல்லும் பொறுமைக் கணக்கு எதுவும் உங்களுக்கு இல்லை. தாமதிக்காமல் அறுவை நிபுணரைப் பாருங்கள். இனி இங்கே பேசுவதெல்லாம் இடுப்பைப் பற்றித்தான்.

முதலில், நோய் இதுதானா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். அறுபது வயதுக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தாலும் பலருக்குக் குறுகல் தெரியும். படத்தில் குறுகல் இருப்பதாலேயே கால்வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

குறுகலால் வரும் வலிக்கு ஒரு குணம் உண்டு. முதுகு முன்னால் வளைந்தால் கால்வாய் கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் சுருங்கும். அதனால் உட்கார்ந்தால், குனிந்தால் நிம்மதி. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி மார்க்கெட் முழுக்கச் சுற்றிவிடுவார், நிமிர்ந்து தெருமுனை வரை நடக்க முடியாது. சைக்கிள் மிதிப்பார், கோயில் வரிசையில் நிற்க முடியாது. மாறாக, நின்ற இடத்தில் அப்படியே நின்றாலே வலி அடங்குகிறது என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதுவும் புகை பிடிப்பவர் என்றால் கால் நாடித்துடிப்பைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் படுத்திருக்கும்போதே இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துகிறது என்றால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்போ பி12 குறைவோ இருக்கலாம், அதை எந்த முதுகு ஆபரேஷனும் தீர்க்காது. நம் ஊரில் சர்க்கரை இல்லாத முதியவரைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. எது எவ்வளவு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

1. நடை: நிற்காமல் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.
2. பலம்: குதிகாலால் நடக்க, நுனிக்காலால் நடக்க முடிகிறதா. பாதம் தொங்குகிறதா.
3. பலன் எத்தனை மாதம், எத்தனை வருடம் நிற்கும்.
4. உடல்நிலை: சர்க்கரை, இதயம், சிறுநீரகம், எலும்பு அடர்த்தி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை.
5. பில்லில் வராத செலவு.
6. பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. பயிற்சியை நிறுத்தலாம், ஊசியை அடுத்த தடவை வேண்டாம் என்று சொல்லலாம், வெட்டிய எலும்பைத் திருப்பி வைக்க முடியாது.

| | பயிற்சியும் மருந்தும் | முதுகு ஊசி | அழுத்தம் நீக்கும் அறுவை | ஸ்க்ரூ வைத்து இணைப்பது |
|---|---|---|---|---|
| எதற்கு நல்லது | லேசான, நடுத்தரத் தொந்தரவு | கடும் கால்வலியைச் சில வாரம் தணிக்க | நடை சுருங்கிவிட்ட கால்வலி, பலக்குறைவு | எலும்பு அசைவு, வளைவு |
| பலன் நிற்பது | செய்யும் வரை | வாரங்கள் | வருடங்கள் | வருடங்கள் |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | முடியாது | முடியவே முடியாது |
| மறைந்திருக்கும் செலவு | நேரம், வலிமாத்திரையின் கெடுதல் | சர்க்கரை ஏற்றம், திரும்பத் திரும்பப் போடுவது | கூட இருக்க ஆள், மறு அறுவை வாய்ப்பு | ஸ்க்ரூ விலை, நீண்ட ஓய்வு, பக்கத்து எலும்புத் தேய்மானம் |

பயிற்சியும் மருந்தும்

2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அறுவைக்குச் சம்மதித்திருந்த 169 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, மறு பிரிவுக்கு வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் பிசியோதெரபி என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. பிசியோ பிரிவில் இருந்தவர்களில் 57 சதவீதம் பேர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, பயிற்சி எல்லோருக்கும் போதாது, ஆனாலும் அறுவைக்கே தயாராக இருந்தவர்களில் கணிசமானவர்கள் அது இல்லாமலே சமாளித்திருக்கிறார்கள். முதல் படியாக வைக்க இந்த அளவு பலனே எனக்குப் போதும்.

எந்தப் பயிற்சி என்பதில்தான் விஷயம். மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவது, வயிற்றுத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுவாக்குவது, ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில் மிதிப்பது, இப்படி முன்வளைவை ஒட்டியவை பொதுவாக ஒத்துக்கொள்ளும். முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்கள், புஜங்காசனம் போன்றவை, பலருக்குக் கால்வலியைக் கூட்டும். டிஸ்க் பிதுங்கியவருக்குச் சொன்ன பயிற்சியை அப்படியே குறுகல் உள்ளவர் செய்தால் ஏன் மோசமாகிறது என்பதற்கு விடை இங்கேதான். சமைக்கும்போது ஒரு காலைச் சின்னப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொள்வது, ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பது, வெளியே போனால் ஊன்றுகோலை வெட்கப்படாமல் எடுத்துப்போவது, இவையெல்லாம் சிகிச்சையில் சேர்ந்தவைதான்.

பில்லில் வராத செலவு இதிலும் உண்டு. சில இடங்களில் தினமும் வரச்சொல்லி, மிஷினை ஒட்டிவிட்டு, இருபது நிமிடம் படுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள், ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தருவதில்லை. ஆட்டோ காசும் போய், "பிசியோ செய்து பார்த்தோம், கேட்கவில்லை" என்ற தவறான முடிவும் வந்துவிடுகிறது. வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். ப்ரீகாபலின், காபாபென்டின் வகை நரம்பு மாத்திரைகளுக்கு இந்த நோயில் ஆதாரம் பலவீனம். அவை தலைசுற்றலையும் தூக்கத்தையும் கொடுப்பதால் முதியவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. பெல்ட் தற்காலிகம், மாதக்கணக்கில் கட்டினால் தசைதான் சோம்பும். முதுகை மிதிப்பது, சொடக்கு எடுப்பது, ஓங்கி அழுத்தி உருவுவது வேண்டவே வேண்டாம்.

இது யாருக்குச் சரி? பலம் குறையாத, பத்து இருபது நிமிடமாவது நடக்க முடிகிற எல்லோருக்கும் முதல் வழி இதுதான். குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து, நோட்டில் நடை தூரம் கூடுகிறதா என்று பாருங்கள்.

முதுகு ஊசி

நரம்பைச் சுற்றிய உறைக்கு வெளியே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவது. அரை நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் 2014-இல் 400 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்த்துப் போட்டவர்களுக்கும் வெறும் மரப்பு மருந்து போட்டவர்களுக்கும் ஆறு வாரம் கழித்துச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஊசி வீக்கத்தைத் தணிக்கலாம், தடித்த எலும்பையும் தசைநாரையும் கரைக்காது.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: ஊசிக்குப் பிறகு பல நாட்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறலாம். முன்கூட்டியே சர்க்கரை டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாமாக அதை நிறுத்தக் கூடாது. அபூர்வமாக நரம்புப் பாதிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. ஒன்று போட்டுக் கேட்கவில்லை, இரண்டு போட்டுக் கேட்கவில்லை, மூன்றாவதுக்கும் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை அடுத்த வழிக்குச் சேர்த்து வைத்திருக்கலாம்.

ஒரு கால் மட்டும் கடுமையாக வலிக்கிறது, இரவு தூக்கமில்லை, பயிற்சி தொடங்கவே முடியவில்லை என்றால் ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம். மகள் கல்யாணம், இதய நோய், ஏதோ காரணத்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும் உதவலாம். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அழுத்தம் நீக்கும் அறுவை

கால்வாயின் பின்சுவர் எலும்பில் ஒரு பகுதியையும் தடித்த தசைநாரையும் எடுத்து நரம்புக்கு இடம் கொடுப்பது. பெரும்பாலும் அடுத்த நாளே எழுந்து நடக்க வைத்துவிடுகிறார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்பது மட்டுமே தடையாகாது, இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இது தீர்ப்பது கால்வலியை, நடையை. முதுகுவலிக்கு அந்த அளவு உத்தரவாதம் இல்லை, நெடுநாள் மரத்துப்போன பாதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். முதுகுவலிதான் முக்கியத் தொந்தரவு, கால் பரவாயில்லை என்பவர் இந்த அறுவைக்குப் போனால் ஏமாற்றம் அதிகம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஸ்போர்ட் ஆய்வில், உண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் முதல் நான்கு வருடங்களில் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். எட்டு வருடம் ஆகும்போது அந்த இடைவெளி சுருங்கியது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அதற்குள் மறு அறுவை தேவைப்பட்டது. நரம்பு உறை கிழிவது, கிருமித்தொற்று, காலில் ரத்தக்கட்டு ஆகியவை வரக்கூடியவை. அறுவை நிபுணர் இவற்றைக் கேட்காமலே விளக்குகிறாரா என்று பாருங்கள்.

சின்னத் துளை, மைக்ரோஸ்கோப், எண்டோஸ்கோப் என்று விளம்பரங்கள் வரும். காயம் சிறியது என்பது நல்லதுதான். ஆனால் நார்வேயில் 437 பேரிடம் மூன்று வகை நுண் அறுவைகளை ஒப்பிட்டபோது இரண்டு வருட முடிவில் வித்தியாசம் இல்லை. கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் அனுபவம் முக்கியம்.

மூன்று மாதம் உண்மையாகவே பயிற்சி செய்தும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க முடியவில்லை, வெளியே போவதே நின்றுவிட்டது, கால்வலி முதுகுவலியைவிட அதிகம், எம்ஆர்ஐயும் அதே இடத்தைக் காட்டுகிறது என்றால் தயங்காமல் செய்துகொள்ளலாம். பாதம் தொங்கத் தொடங்கிவிட்டால் மூன்று மாதமெல்லாம் பார்க்க வேண்டாம். போன பலம் தாமதமானால் திரும்பாமல் போகலாம். எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் என்று வீட்டிலேயே முடங்கிக் கிடந்து தசை வற்றி, சர்க்கரை ஏறி, மனமும் சோர்ந்த பிறகு அறுவைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. தேவைப்படுகிறவருக்கு இது நல்ல சிகிச்சை.

ஸ்க்ரூ வைத்து இணைக்கும் அறுவை

அழுத்தத்தை நீக்கியதோடு, இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ, கம்பி வைத்து ஒன்றாக இணைத்துவிடுவது. நான் அதிகம் கேள்வி கேட்கச் சொல்வது இங்கேதான். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், அழுத்தம் மட்டும் நீக்கியவர்களைவிட இணைப்பும் சேர்த்துச் செய்தவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை, மருத்துவமனை நாட்களும் ரத்த இழப்பும் செலவும்தான் கூடின. எலும்பு நழுவியவர்களை மட்டும் எடுத்து நார்வேயில் செய்து 2021-இல் வந்த ஆய்வும், அவர்களிலும் இணைப்பு இல்லாத அறுவை குறைந்ததாக இல்லை என்றே காட்டியது. அதே 2016-இல் அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சின்ன ஆய்வு ஒன்று, நழுவல் உள்ளவர்களுக்கு இணைப்பு சற்று நல்லது என்றது. ஆகவே இது முற்றிலும் தவறு என்று சொல்ல வரவில்லை. குனிந்து நிமிரும்போது எலும்பு நகர்கிறது, முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, மூட்டில் பெரும்பகுதியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்புக்குக் காரணம் இருக்கிறது.

நகர்கிறதா என்பதைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் பார்க்கலாம், சில நூறு ரூபாய் விஷயம். எம்ஆர்ஐ படுத்தபடி எடுப்பதால் நழுவல் அதில் மறைந்துவிடலாம். அந்த எக்ஸ்ரே எடுக்காமலேயே ஸ்க்ரூ என்று சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். எலும்பு அடர்த்திச் சோதனையும் வேண்டும், மெலிந்த எலும்பில் ஸ்க்ரூ தளரும். புகை பிடிப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகலாம். இணைத்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பதால் பின்னாளில் அங்கே புதுக் குறுகல் வரக்கூடும்.

பணம், காப்பீடு, கேட்க வேண்டியவை

அறுவைக்கு ஒரு தொகை சொல்வார்கள், ஸ்க்ரூ தனி பில்லாக வரும். எத்தனை ஸ்க்ரூ, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு உண்டு, உங்களுக்குச் சொன்ன அறுவை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்னதாகவே கேளுங்கள். தனியார் பாலிசிகள் பலவற்றில் முதுகெலும்புப் பிரச்சினைகளுக்கு இரண்டு வருடம் போலக் காத்திருப்புக் காலம் இருக்கும், பாலிசித் தாளைப் புரட்டிப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் முன்பே சொன்னபடி பெரும்பாலானவர்களுக்குக் காத்திருக்க நேரம் உண்டு. கூட இருக்கும் மகனோ மகளோ எடுக்கும் லீவு, வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் அதற்கான ஏற்பாடு, ஒன்றிரண்டு மாதத்துக்குச் சமையலுக்கு ஆள், இவற்றையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது எம்ஆர்ஐ சிடி, மாத்திரைப் பட்டியல், நடை எழுதிய நோட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். முதல் டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். இந்த இரண்டாவது டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கால்வலிக்கும் இந்தக் குறுகலுக்கும் தொடர்பு உறுதியா? எந்தெந்த எலும்புகளுக்கு நடுவே அழுத்தம் நீக்குவீர்கள்? இணைப்பு தேவை என்றால் எந்தக் காரணத்துக்காக? எனக்கு இருக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து எவ்வளவு? இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வந்தால் எதையாவது இழந்துவிடுவேனா?